ஹேண்டிகேப் விதியும் பழைய டிராக் ரேஸும்: கேள்வி பதில்

அமெரிக்காவின் டிராக் ரேஸ் அமைப்பான என்ஹெச்ஆர்ஏ (தேசிய ஹாட் ராட் சங்கம்) நடத்திய ஸ்டாக், சூப்பர் ஸ்டாக் பந்தயங்களைப் பற்றி, அதாவது கம்பெனி விற்கும் கார்களை வைத்து ஓட்டும் பந்தயங்களைப் பற்றி, வந்த கேள்விகளில் சில. ஹேண்டிகேப் என்றால் மெதுவான வண்டிக்குக் கொடுக்கும் முன்சலுகை.

கேள்வி: சார், டிராக் ரேஸ்னா ரெண்டு வண்டியும் ஒண்ணா கிளம்பி, முந்துறவர் ஜெயிக்கிறதுதானே? ஹேண்டிகேப் எதுக்கு?

ஒரே வகுப்பு வண்டிகள் மோதும்வரை நீங்கள் சொல்வதுதான். கால் மைல், 1,320 அடி, அவ்வளவுதான் கணக்கு. ஆனால் பல வகுப்புகளிலிருந்தும் ஒரே ஒருவரை மொத்த வெற்றியாளராக்கும் சுற்றுக்கு 'எலிமினேட்டர்' என்று பெயர். அதில் எட்டு சிலிண்டர் கொண்ட பெரிய வி8 எஞ்சின் வண்டிக்கு எதிரே குடும்பக் கார் மாதிரி ஒரு சின்ன வண்டி நிற்கும். அந்தக் காலத்தில் அதற்கு அந்தந்த வகுப்பின் தேசிய சாதனை நேரத்தைப் பார்ப்பார்கள். ஒன்று 11.50 விநாடி, இன்னொன்று 13.20 என்று வைத்துக்கொள்ளுங்கள். மெதுவான வண்டி 1.70 விநாடி முன்னாலேயே கிளம்பிவிடும்.

கேள்வி: அதைக் கொடி அசைத்து எப்படிச் சரியாகச் செய்ய முடியும்?

கொடியை வைத்து அதை நுணுக்கமாகச் செய்ய முடியாது. அதனால்தான் 1963-ல் இண்டியானாபொலிஸில் நடந்த நேஷனல்ஸ் பந்தயத்தில் 'கிறிஸ்மஸ் ட்ரீ' விளக்குக் கம்பம் வந்தது. அப்போது அதில் அரை விநாடி இடைவெளியில் ஐந்து மஞ்சள் விளக்குகள், அப்புறம் பச்சை. இரண்டு தடத்துக்கும் தனித்தனியாக ஓடும். முந்திக் கிளம்பினால் சிவப்பு, ஆட்டம் முடிந்தது.

கேள்வி: எந்த வண்டி எந்த வகுப்பு என்று யார் முடிவு செய்தார்கள் அண்ணா?

எடையைக் குதிரைத்திறனால் வகுத்தால் வகுப்பு வரும். கம்பெனி அறிவிக்கும் குதிரைத்திறனை அப்படியே நம்பினால், குறைத்துச் சொல்கிறவருக்கு லாபம். ஃபோர்டின் 428 கோப்ரா ஜெட் எஞ்சினைப் பாருங்கள். ஏழு லிட்டர் எஞ்சினுக்குக் காகிதத்தில் வெறும் 335 குதிரைத்திறன்! 1968-ல் கலிபோர்னியாவின் பொமோனாவில் நடந்த விண்டர்நேஷனல்ஸ் பந்தயத்தில் அந்த எஞ்சின் போட்ட மஸ்டாங்கை ஓட்டி ஆல் ஜோனியக் சூப்பர் ஸ்டாக் பட்டத்தை எடுத்தார். இப்படிப்பட்ட எஞ்சின்களுக்கு என்ஹெச்ஆர்ஏ தானே ஒரு குதிரைத்திறனை நிர்ணயித்தது. இதை 'ஃபேக்டர்' செய்வது என்பார்கள். அந்த எண் கொஞ்சம் ஏறினாலும் வண்டி வேறு வகுப்புக்குப் போய்விடும். பாதிப் போட்டி டிராக்கில் நடந்தது, மீதி விதிப்புத்தகத்தில் நடந்தது.

கேள்வி: ஜெயிக்கிற வண்டி கோட்டுக்கு முன்னால் பிரேக் பிடிக்கிறது ஏன்?

இதுதான் எனக்கு வலிக்கிற இடம். அந்தக் காலத்தில் சாதனை நேரம்தான் ஹேண்டிகேப்புக்கு அடிப்படையாக இருந்தது. அதை நீங்களே உடைத்தால் அடுத்த பந்தயத்தில் உங்களுக்குக் கிடைக்கும் சலுகை குறையும். அதனால் எதிரியைவிட ஒரு மூக்களவு முன்னால் இருந்தால் போதும் என்று, கண்ணாடியில் அவரைப் பார்த்துக்கொண்டே காலை எடுத்துவிடுவார்கள். குளிர்காலம் முழுக்க கராஜில் உட்கார்ந்து ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்கைத் தேடிக் கண்டுபிடித்தவர், அதை ஊருக்குக் காட்டாமல் ஒளித்து வைக்கவேண்டிய நிலை. இதற்கு 'சாண்ட்பேகிங்' என்று பெயர். ஓட்டுநர்களைக் குறை சொல்லமாட்டேன். விதி அப்படி ஓட்டச் சொன்னது.

கேள்வி: ப்ரோ ஸ்டாக் இதற்கு மாற்றாக வந்ததா?

ஆமாம், கம்பெனி கார்களின் தோற்றத்தில் இருக்கும் வண்டிகளைத் தொழில்முறை ஓட்டுநர்கள் ஓட்டும் பிரிவாக 1970-ல் வந்தது. இருவரும் ஒன்றாகக் கிளம்புவார்கள். ஆனாலும் ஹேண்டிகேப் எடை வழியாக உள்ளே வந்துவிட்டது: எஞ்சின் அளவுக்கு ஏற்ப இத்தனை பவுண்டு என்று. 1972-ல் அந்த விகிதம் மாறியதும் ஓட்டுநரும் எஞ்சின் கட்டுகிறவருமான பில் ஜென்கின்ஸ் சின்ன ஷெவர்லே வேகா காரை இறக்கி, கிறைஸ்லரின் பெரிய ஹெமி எஞ்சின் போட்ட வண்டிகளைத் தோற்கடித்தார்.

கேள்வி: இப்போதைய டயல்-இன் முறை நல்லதா?

70-களில் உள்ளூர் டிராக்குகளில் பரவிய முறை அது. ஓட்டத்தை முடிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று நீங்களே வண்டியின் ஜன்னல் கண்ணாடியில் எழுதுவீர்கள், ஹேண்டிகேப் அதை வைத்துத்தான். அதைவிட வேகமாகப் போனால் 'பிரேக்அவுட்', தோல்வி. செலவு குறைந்தது, சாதாரணக் குடும்பஸ்தர்களும் ஓட்ட வந்தார்கள். அதை நான் முழு மனதாக வரவேற்கிறேன். ஆனால் எஞ்சின் கட்டுகிறவரின் கைத்திறனைப் பார்க்க ஆசைப்பட்டால், ஸ்டாக், சூப்பர் ஸ்டாக் சுற்றுகளில் ஒரே வகுப்பு வண்டிகள் இரண்டு எதிரெதிரே வரும்வரை காத்திருங்கள். அந்த ஓட்டத்துக்கு டயல்-இன்னும் கிடையாது, பிரேக்அவுட்டும் கிடையாது. இருவரும் கோடு தாண்டும்வரை ஆக்ஸிலேட்டரை விடமாட்டார்கள்.