ஒரே கொட்டையில ரெண்டு கன்னு!

கேள்வி: வணக்கம் அக்கா. சாப்ட்டு போட்ட மாங்கொட்டை ஒண்ண தொட்டியில ஊனி வச்சேன், மூணு வாரம் கழிச்சு பாத்தா ஒரே கொட்டையில இருந்து ரெண்டு கன்னு எட்டிப் பாக்குது. ஒண்ணு ஒரு சாண் இருக்கும், இன்னொண்ணு விரல் நீளம்தான். சின்னத பிடுங்கிப் போடு, இல்லன்னா ரெண்டும் உருப்படாதுன்னு வீட்ல சொல்றாங்க, எனக்கு மனசு வரல. பிரிச்சு வைக்கலாமா? ரெண்டும் ஒரே மாதிரி காய்க்குமா?

பதில்: பிடுங்காதீங்க தம்பி, தயவுசெஞ்சு பிடுங்காதீங்க. ரெண்டையும் காப்பாத்தலாம்.

முதல்ல ஒண்ணு பாருங்க, அது நெஜமாவே ரெண்டு கன்னுதானான்னு. சில சமயம் குருத்து நுனியில பூச்சி கடிச்சோ அழுகியோ போயிருச்சுன்னா அடியில இருந்து ரெண்டு தண்டு கிளம்பும், பாக்க இரட்டை மாதிரியே இருக்கும், ஆனா வேர் ஒண்ணுதான், அது ஒரே செடி. மேல் மண்ண விரலால லேசா ஒதுக்கிப் பாருங்க, ரெண்டு தண்டும் தனித்தனியா கீழ இறங்குதுன்னா உங்களுக்கு கெடச்சிருக்கறது பல்கரு கொட்டை, அதாவது ஒரே கொட்டைக்குள்ள ஒண்ணுக்கு மேல கரு இருக்கறது. அடுத்த தடவ இதே ரக கொட்டை கெடச்சா ஓட்ட பிரிச்சு உள்ள இருக்கற பருப்ப பாருங்க, சாதா மாங்கொட்டையில பருப்பு ரெண்டே பாதியா பிளக்கும், இதுல கோணல்மாணலா நாலஞ்சு துண்டு ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகி வச்ச மாதிரி இருக்கும், ஒவ்வொரு கருவும் தனக்குன்னு ஒரு பருப்பு வச்சிருக்கும். சின்ன துண்டு கெடச்சது சின்ன கன்னா வருது, அவ்ளோதான், அது நோஞ்சான்னு அர்த்தம் இல்ல.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். நாம இரட்டைப் பிள்ளைன்னு சொல்றோம், ஆனா நம்ம வீட்டு இரட்டைங்க மாதிரி கிடையாது இது. வழக்கமா மகரந்தம் சேந்து ஒரு கரு உண்டாகும், அது அப்பா அம்மா ரெண்டு பேரோட குணமும் கலந்த பிள்ளை. இந்த மாதிரி ரகத்துல அதோட நிக்காம, சூலுக்குள்ள (பூவுல பின்னாடி விதையா மாறற பகுதி) கருவ சுத்தி இருக்கற தாய் மரத்து திசுவே மொட்டு விட்டு கூடுதல் கருக்கள உண்டாக்கும், அதுல அப்பாவுக்கு பங்கே கிடையாது, அது தாய் மரமேதான். அதனால உங்க தொட்டியில ஒண்ணு பிள்ளையாவும் இன்னொண்ணு அம்மாவோட நகலாவும் இருக்கலாம், ரெண்டுமே நகலாவும் இருக்கலாம். பல்கரு ரகத்துல கொட்டை போட்டு வளத்தாலே தாய் மரத்து பழம் கெடைக்கும்னு சொல்றது இதனாலதான், அல்போன்சா, நீலம் மாதிரி ஒத்தைக்கரு ரகங்களுக்கு அந்த வசதி இல்ல, ஒட்டு கட்டித்தான் ஆகணும்.

எது எதுன்னு உயரத்த வச்சு மாமரத்துல உறுதியா சொல்ல முடியாது. அதனாலதான் குட்டைய தூக்கிப் போடாதீங்கன்னு இவ்ளோ சொல்றேன், வித்தியாசமான புது பழம் குடுக்கப் போறது அதுவாவே இருக்கலாம்.

பிரிக்கறது எப்போன்னா, செம்பு நிறத்துல தொங்கிட்டு இருக்கற இளம் இலை பச்சையாகி விறைப்பா நிக்கற வரைக்கும் கை வைக்காதீங்க. நான் ஒரு தடவ அவசரப்பட்டு தளதளன்னு செவந்த இலையோட இருந்தப்பவே இழுத்துட்டேன், பருப்பு ஒடிஞ்சு ஒரு கன்னோட வந்துருச்சு, இன்னொண்ணு நாலே நாள்ல வதங்கிப் போச்சு, இன்னைக்கும் மனசு கஷ்டமா இருக்கும். தொட்டிய அப்படியே சாய்ச்சு மண்கட்டியோட எடுத்து ஒரு வாளி தண்ணியில வைங்க, மண்ணு தானா கரையும், வேர் மெதுவா பிரியும், பருப்பு அதது கூடவே இருக்கட்டும், ஆணிவேர மடக்காம ஆழமான தொட்டியில நடுங்க. ரெண்டு வாரம் நெழல்ல வைங்க, உரம் எதுவும் வேண்டாம். வேர் ஒண்ணோட ஒண்ணு முறுக்கிக்கிட்டு வரவே மாட்டேங்குதுன்னா மட்டும் ஒண்ண கத்திரியால தரையோட வெட்டிருங்க, இழுத்துப் பாக்காதீங்க, இழுத்தா ரெண்டும் போயிரும்.

கேள்வி: ஆரஞ்சு விதை ஒண்ணுல மூணு முளை வந்திருக்கு மேடம், இதுவும் அதேதானா?

பதில்: அதேதான்ங்க. சொல்லப் போனா இத முதல்ல ஆரஞ்சு விதையிலதான் கவனிச்சாங்க, 1719லயே நுண்ணோக்கி ஆராய்ச்சிக்கு பேர் போன லேவன்ஹூக் எழுதி வச்சிருக்கார். எலுமிச்சையிலயும் இது வரும், பம்பளிமாஸ்ல வராது, அது ஒத்தைக்கரு. ஆரஞ்சுல அடையாளம் கண்டுபிடிக்கறது மாவவிட கொஞ்சம் சுலபம், அச்சு அசலா ஒரே மாதிரி ரெண்டு இருந்து, மூணாவது மட்டும் இலை வடிவத்துலயோ இலைக்காம்போட ரெண்டு பக்கமும் குட்டி இலை மாதிரி விரிஞ்சிருக்கற சிறகுலயோ மாறி இருந்தா அந்த மூணாவதுதான் பெரும்பாலும் கலப்புப் பிள்ளை, அது பல நேரம் குட்டையாவும் இருக்கும். தாய் மரத்து பழமே வேணும்னா ஒரே மாதிரி இருக்கற ரெண்ட வளருங்க. விதையில வந்த ஆரஞ்சு முள்ளும் கூடுதலா விடும், காய்க்க பல வருஷமும் ஆகும், அதனால எந்த தொட்டியில எதுன்னு இப்பவே எழுதி சொருகி வைங்க.