மூன்று குழுக்கள், ஒரு சாக்ஸபோன்: எதை விடுவது?

சிங்கப்பூரின் ஈசூனிலிருந்து 25 வயது வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். உயர்நிலைப் பள்ளி இசைக்குழுவில் ஆல்டோ சாக்ஸபோன் கற்றவர்; தேசிய சேவையின்போதும் ராணுவ இசைக்குழுவில் வாசித்தார். இப்போது பகலில் கணக்காய்வு வேலை, வாரம் ஒரு மாலை ஜாஸ் பிக் பேண்டில், அதாவது பல ஊதுகருவிகள் கொண்ட பெரிய குழுவில், இரண்டாம் ஆல்டோ நாற்காலி. திருமண விருந்துகளில் ஸோல், ஃபங்க் பாடல்கள் வாசிக்கும் குழு ஒன்று அவரை அழைக்கிறது. கர்நாடக இசையை ஜாஸுடன் சேர்க்க முயலும் தமிழ் நண்பர்களும் கூப்பிடுகிறார்கள். "ஜாஸ் கலைஞனாக வளரத்தான் ஆசை. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று ஆகிவிடுமோ? எதை விடுவது, ஐயா?" என்று கேட்கிறார்.

தம்பி, எதையும் விட வேண்டாம். உங்களுக்கு இன்னொன்று குறைகிறது என்றே சொல்வேன். அதற்கு வருகிறேன்.

குழு மாறி வாசிப்பது ஜாஸில் குறையே அல்ல. 1955இல் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் குழுவில் சேர்ந்தபோது சாக்ஸபோன் மேதை ஜான் கோல்ட்ரேனுக்கு வயது 29. அதற்குள் கடற்படை இசைக்குழு, எடி வின்சனின் ரிதம் அண்ட் புளூஸ் குழு, டிஸி கில்லெஸ்பியின் பிக் பேண்ட், ஜானி ஹாட்ஜஸின் குழு என்று சுற்றிவிட்டார். ஆல்டோக்காரரான அவர், அதைவிடத் தாழ்ந்த ஒலியுள்ள டெனர் சாக்ஸபோனுக்கு மாறியதே வின்சன் ஆல்டோ வாசிப்பவர் என்பதால்தான். பிறகு 1957இல் பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க்குடன் மாதக்கணக்கில் வாசித்துவிட்டு மறுபடியும் மைல்ஸிடம் திரும்பினார். போன இடத்திலெல்லாம் ஒன்றைக் கற்றுக்கொண்டு கிளம்பியவர் அவர்.

பிக் பேண்டில் நீங்கள் இப்போது கற்க வேண்டியது நாக்கு, அதாவது ஸ்வரத்தை நாக்கால் தொட்டுத் தொடங்கும் விதம். அணிவகுப்பு இசையில் பழகிய நாக்கு ஒவ்வொரு தட்டின் தலையிலும் போய் விழும். ஸ்விங் எனும் ஜாஸ் நடையில் தட்டின் பின்பாதி ஸ்வரத்தை நாக்கால் தொட்டு, அடுத்த தட்டுக்குள் மூச்சை விடாமல் வழுக்கிச் செல்ல வேண்டும். ஏதேனும் ஒரு மேஜர் ஸ்கேலை மெதுவாக இப்படி ஏறி இறங்கிப் பாருங்கள். முதல் வாரம் வாய் குழறும், அது சரிதான். வழக்கமான ஐந்து சாக்ஸபோன் வரிசையில் முதல் ஆல்டோ எங்கே மூச்செடுக்கிறார், ஸ்வரத்தை எங்கே முடிக்கிறார் என்று கவனித்து அவரோடு ஒட்டி வாசியுங்கள். குறைந்தது ஓராண்டு அந்த நாற்காலியில் இருங்கள்.

ஆனால் இரண்டாம் ஆல்டோவுக்குத் தனி வாசிப்பு எப்போதாவதுதான் வரும். அங்கே கற்பனை வளராது. நான் சொன்ன குறை இதுதான்: பியானோ, டபுள் பேஸ், டிரம்ஸ் என மூன்று பேரைத் தேடி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூடுங்கள். 12 பார் (தாளச் சுற்று) கொண்ட புளூஸ் ஒன்று, 32 பார் பாட்டு இரண்டு போதும். ஆல்டோ மேதை சார்லி பார்க்கர் 1937 கோடையில் டெனர் கலைஞர் லெஸ்டர் யங்கின் இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டே அந்தத் தனி வாசிப்புகளைத் தன்வசமாக்கினார். நீங்களும் தாளில் எழுதும் முன் பாடிப் பழகுங்கள். பாட வராத வரி விரலில் வந்தாலும் உங்களுடையதாகாது.

திருமணக் குழுவுக்கு மாதம் இரண்டு இரவுகள் கொடுங்கள். பாடகர் கேட்டபடி சுருதி மாற்றுவதும், எட்டு பாருக்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிப்பதும் அங்கே கைவரும். அதற்கு மேல் போனால் வேலை முடிந்து வீடு திரும்பும் உங்களுக்குப் பயிற்சி நேரம் மிஞ்சாது.

இனி உங்கள் தமிழ் நண்பர்கள். நான் மிகவும் ஆசையோடு சொல்வது இதைப் பற்றித்தான். நாகஸ்வரக் கலைஞரின் மகனான கத்ரி கோபால்நாத், மைசூர் அரண்மனை இசைக்குழுவில் கேட்ட சாக்ஸபோனைக் கர்நாடக மேடையில் உட்கார வைத்தார். 2008இல் அமெரிக்க ஆல்டோ கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பாவுடன் அவர் சேர்ந்து வெளியிட்ட இசைத்தட்டைக் கேளுங்கள். இருவரும் அவரவர் மொழியிலேயே பேசுகிறார்கள். எதிராளியின் மொழியில் திக்குவதில்லை. நீங்களும் ராகத்தை மேலோட்டமாக ஒரு ஸ்கேலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரே ஒரு வர்ணத்தை, வாய்ப்பாட்டு ஆசிரியர் ஒருவரிடம் உட்கார்ந்து ஆறு மாதம் கற்றுக்கொள்ளுங்கள். சாக்ஸபோனில் துளைகளை மூடுவது விரல் அல்ல, மூடிகள். அதனால் கமகம், அதாவது ஸ்வரத்தின் அசைவு, தானாக வழுக்காது. உதட்டையும் தாடையையும் தளர்த்தி இறுக்கி, மூடியைப் பாதி திறந்து, காதால் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

எங்கே பயிற்சி செய்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் சாக்ஸபோனின் அகன்ற வாயில் துண்டைத் திணிப்பதால் பயனில்லை. ஒலி பெரும்பாலும் உடலெங்கும் உள்ள துளைகள் வழியாகத்தான் வெளியேறுகிறது. மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் அறையை வாரம் இருமுறை எடுங்கள். மற்ற நாள்களில் பாடுங்கள், கேளுங்கள்.

நண்பர்களின் முதல் ஒத்திகைக்குப் போகும்முன் பாடகர் எத்தனை கட்டையில், அதாவது எந்தச் சுருதியில், பாடுவார் என்று கேட்டுவிடுங்கள். ஆல்டோவில் நீங்கள் ஸி என்று வாசிப்பது பியானோவில் ஈ ஃபிளாட்டாக ஒலிக்கும்; அது இரண்டரைக் கட்டை. அவர் ஒரு கட்டை என்றால் உங்கள் ஸட்ஜம் ஏ. ஐந்து கட்டை என்றால் ஈ. தம்புராவைப் போட்டுவிட்டு அந்த ஒரு ஸ்வரத்தை அசையாமல் பத்து நிமிடம் ஊதுங்கள். வர்ணத்தை அதன் பிறகு தொடங்கலாம்.