மூளை ஆய்வுக்குப் போகலாமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங் முடித்து கோவையில் வேலை பார்க்கிறேன். மூளை அறிவியலில் பிஎச்டி செய்ய ஆசை. ப்ளஸ் ஒன்னில் கம்ப்யூட்டர் குரூப் எடுத்ததால் உயிரியல் பத்தாம் வகுப்போடு போயிற்று. பல துறைகள் கலந்த ஆய்வு என்கிறார்கள். எல்லாவற்றிலும் அரைகுறையாகி நின்றுவிடுவேனோ என்று பயம். சம்பளத்தை விட்டு மறுபடி படிப்பா என்று வீட்டிலும் கேட்கிறார்கள்.

கே.

அன்புள்ள கே,

உயிரியல் படிக்காததைப் பற்றிப் பயப்பட வேண்டாம். நரம்பில் மின்துடிப்பு உண்டாகும் விதத்தை 1952இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் விளக்கினார்கள். 1963இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்த வேலைக்குள் எத்தனை பேரின் கை இருக்கிறது பாருங்கள். ஊசிக் கணவாயின் உடலில் உள்ளே மின்முனையை நுழைக்கும் அளவுக்குத் தடித்த நரம்பிழை இருப்பதை அடையாளம் காட்டியவர் ஜே. இசட். யங், விலங்கியல்காரர். அந்த இழையின் மின்னழுத்தத்தை ஒரே அளவில் பிடித்து நிறுத்தும் வோல்டேஜ் கிளாம்ப் என்ற உத்தி கென்னத் கோல் என்ற அமெரிக்க உயிர்இயற்பியலாளரிடமிருந்து வந்தது. அதன் உள்ளே இருப்பது நெகட்டிவ் ஃபீட்பேக் (வெளியீடு விலகும்போது அதை எதிர்த்திசையில் திருத்தும் முறை), நீங்கள் கல்லூரியில் படித்த அதேதான். நரம்பின் சவ்வை ரெசிஸ்டர், கெபாசிட்டர் கொண்ட சர்க்யூட்டாக வரைந்துதான் சமன்பாடுகளையே எழுதினார்கள். கேம்பிரிட்ஜ் கம்ப்யூட்டர் அப்போது மராமத்தில் கிடந்ததால், கைப்பிடி சுற்றும் கணக்கு மெஷினில் ஹக்ஸ்லி வாரக்கணக்கில் உட்கார்ந்து விடை கண்டார். (கோடிங் தெரிந்தால் போதும் என்பவர்களிடம் இதை நான் சொல்லாமல் விடுவதில்லை.)

ஆகவே சர்க்யூட்டையும் சிக்னலையும் விட்டுவிடாதீர்கள். பக்கத்து மேசையில் எலியை வைத்து வேலை செய்பவர் சொல்வது புரியும் அளவுக்கு உயிரியல் முதலில் போதும். அதற்கு ஒரு வருடம் ஒழுங்காகப் படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

எனக்குக் கவலை வேறு. மூளையில் எதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்று கடிதத்தில் ஓரிடத்திலும் இல்லை. நினைவு எப்படிப் பதிகிறது, பார்க்கின்சன் நோயில் கை ஏன் நடுங்குகிறது என்று ஏதாவது ஒன்று உங்களைப் பிடித்து உலுக்க வேண்டும். அது இல்லாமல் துறையின் கவர்ச்சிக்காகப் போனவர்கள்தான் மூன்றாம் வருடத்தில் தடுமாறுகிறார்கள். நியூரோமேட்ச் என்ற அமைப்பு நடத்தும் கோடைக்கால இணையப் பயிற்சியில் சேர்ந்து பாருங்கள், கேள்வி ஏதாவது அகப்படும்.

பெங்களூரில் ஐஐஎஸ்சி (இந்திய அறிவியல் கழகம்), என்சிபிஎஸ் (தேசிய உயிரியல் அறிவியல் மையம்) இரண்டிலும் பிஎச்டிக்கு பி.இ. முடித்தவர்கள் விண்ணப்பிக்கலாம், முன்னதற்கு கேட் (GATE) நுழைவுத் தேர்வு, பின்னதற்கு ஜெஜீபில்ஸ் (JGEEBILS) என்ற உயிரியல் நுழைவுத் தேர்வு. உதவித்தொகை முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. ஐந்தாறு வருடம் இதுதான் வருமானம் என்று வீட்டில் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். கடன் ஏதும் இருந்தால் அடைத்துவிட்டு அடுத்த வருடம் விண்ணப்பித்தாலும் ஒன்றும் கெட்டுப்போகாது.