அப்பாவுக்குப் புரஸ்டேட் வீக்கம். கொழும்பில் லேசர் ஒப்பரேஷன் செய்யலாமா, இந்தியாவுக்குக் கூட்டிப்போக வேண்டுமா?

செய்யலாம். இந்தியாவுக்குப் போகத் தேவையில்லை. நான் 2023 இல் கொழும்பிலேயே செய்துகொண்டவன். அவசரமாகப் பதில் தேவைப்பட்டவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மிச்சம் கேள்வி கேட்ட தம்பிக்கு. அப்பாவுக்கு 69 வயது, வெள்ளவத்தையில் இருக்கிறார், ஸ்கானில் புரஸ்டேட் 85 கிராம், டொக்டர் லேசர் என்கிறார், "லேசர் என்றால் வெட்டுக்கொத்து இல்லாமல் அன்றைக்கே வீட்டுக்கு வரலாம்தானே" என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் வெளிநாட்டில் இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பிழையென்றால் மன்னிக்கவும். ரிப்போர்ட்டைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி வாசித்தவரின் கேள்வி மாதிரி இருக்கிறது. என் மகனும் கிட்டத்தட்ட இதே கேள்வியைத்தான் கேட்டான்.

நான் டொக்டர் இல்லை. கோட்டையில் ஒரு ஷிப்பிங் கம்பெனியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். ஆனால் சலப்பைக்குக் கீழே, சலம் வரும் வழியைச் சுற்றி இருக்கிற இந்த ஒரு சுரப்பியைப் பற்றி, நித்திரை இல்லாத இரவுகளில் வாசித்தது கொஞ்சம் அதிகம்.

உங்கள் அப்பா இரவில் எத்தனை தரம் எழும்புகிறார் என்று கேட்டீர்களா? கேட்டால் இரண்டு தரம் என்பார். அதை இரண்டால் பெருக்குங்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். வேலைக்குப் போன காலத்திலேயே எனக்குத் தொடங்கிவிட்டது. கோட்டையில் 100 ஆம் நம்பர் பஸ் ஏறினால் கொள்ளுப்பிட்டி தாண்டுவதற்குள் முட்டிக்கொண்டு வரும். இறங்கி ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் போவேன். சும்மா போனால் உள்ளே விடமாட்டார்கள், ஒரு பிளேன்டீ குடிக்க வேண்டும். அந்தப் பிளேன்டீ பம்பலப்பிட்டியில் தன் வேலையைக் காட்டும்.

2021 இல் மகளின் தொல்லை தாங்காமல் ஒரு டொக்டரைச் சனல் பண்ணினேன். ஏழு கேள்வி உள்ள ஒரு தாளைத் தந்தார்கள், மொத்தம் 35 புள்ளி. 20 க்கு மேல் போனால் கடுமை என்று அர்த்தம். எனக்கு 24. பிறகு ஒரு புனலுக்குள் சலம் போகச் சொன்னார்கள். கீழே இருக்கும் மெஷின் வேகத்தைக் கணக்கிட்டு, கடைத் துண்டு மாதிரி ஒரு தாளை அடித்துத் தரும். நல்ல ஆளுக்குக் கோடு ஒரு மலை மாதிரி ஏறி இறங்கும். என்னுடையது மன்னார் ரோடு மாதிரி ஒரே சமதரை. வினாடிக்கு 7 மில்லிலீற்றர். 15 க்கு மேல் இருந்தால் நல்லது, 10 க்குக் கீழே போனால் பெரும்பாலும் அடைப்பு என்றார் டொக்டர். அப்போதே ஒப்பரேஷனைப் பற்றி யோசிக்கச் சொன்னார். நான் டாம்சுலோசின் குளிசைத் துண்டை மட்டும் வாங்கிக்கொண்டு வந்து, ரிப்போர்ட்டைப் பழைய மின்சார பில்களுக்கு நடுவில் செருகிவிட்டேன். மனிசிக்குக் காட்டவில்லை. "குளிசை போதுமாம்" என்று சொன்னேன்.

இதுதான் நான் செய்த பிழை. லேசரா வேறு ஒன்றா என்பதெல்லாம் அதற்குப் பிறகு வருகிற கேள்வி.

குளிசை வேலை செய்யாமல் இல்லை. சலப்பையின் கழுத்துப் பகுதித் தசையைத் தளர்த்தி வழிவிடும். ஆனால் சுரப்பியைச் சின்னதாக்காது. சின்னதாக்குகிற டுடாஸ்டெரைட் என்று ஒன்றையும் சேர்த்துத் தந்தார்கள், அதற்குப் பலன் தெரிய ஆறு மாதம் வேண்டும். (அப்பா அதை எடுக்கிறார் என்றால் புரஸ்டேட் புற்றுநோய் இருக்குமா என்று பார்க்கிற பிஎஸ்ஏ இரத்தப் பரிசோதனை செய்யும்போது கட்டாயம் சொல்லச் சொல்லுங்கள். அந்தக் குளிசை பிஎஸ்ஏ அளவைப் பாதியாகக் குறைத்துக் காட்டும். தெரியாமல் பார்த்தால் "நல்லாயிருக்கு" என்று தோன்றும்.) அதற்குள் 2022 வந்துவிட்டது. பார்மசி பார்மசியாக ஏறி இறங்கினாலும் மருந்து இல்லை, இருந்தாலும் விலை இரட்டிப்பு. மே மாதம் காஸ் வரிசையில் சிலிண்டரைச் சங்கிலியால் பிணைத்து வைத்துவிட்டு நின்றோமே, அந்த வரிசையில் சலத்தை அடக்கிக்கொண்டு நிற்பது என்னவென்று என்னைப் போன்றவர்களைக் கேட்க வேண்டும். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, முன்பின் தெரியாத சிங்கள அம்மா ஒருவரிடம் கேட்டு உள்ளே போய் வந்தேன். அவர் முகம் சுளிக்கவில்லை. அடுத்த நாளும் நான் போனபோது கதவைத் திறந்தே வைத்திருந்தார்.

2023 ஜனவரியில் தடிமன் பிடித்தது. கடையில் மஞ்சள் குளிசை, குளோர்பெனிரமின், இரண்டு வாங்கிப் போட்டுக்கொண்டு படுத்தேன். தடிமன் குளிசை சலப்பையின் தசையைச் சோம்பலாக்கும், மூக்கடைப்புக்குக் கொடுக்கும் சில மருந்துகள் வழியை இன்னும் இறுக்கும் என்பது அன்றைக்குத் தெரியாது. இரவு ஒரு மணிக்கு எழும்பினேன். ஒரு சொட்டு வரவில்லை. மனிசி சுடுதண்ணீர்ப் போத்தல் வைத்தா, குழாயைத் திறந்து விட்டுச் சத்தம் கேட்க வைத்தா. மூன்று மணிக்கு த்ரீவீலில் கிளம்பினோம். காலி வீதியின் ஒவ்வொரு பள்ளமும் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் குழாய் போட்டபோது 1100 மில்லிலீற்றர் இறங்கியது. என் வாழ்க்கையில் அவ்வளவு சுகமான நேரம் வேறு இல்லை, சொல்ல வெட்கமாக இருந்தாலும் அதுதான் உண்மை.

ஒரு கிழமை கழித்துக் குழாயைக் கழற்றிப் பார்த்தார்கள். திரும்பவும் அடைத்துக்கொண்டது. இனி ஒப்பரேஷன்தான்.

இப்போது உங்கள் "வெட்டுக்கொத்து இல்லாமல்". வெளியே தையல் இல்லை, உண்மை. சலம் வரும் வழியாகவே கருவியை விடுகிறார்கள். ஆனால் உள்ளே வெட்டுத்தான். லேசர் என்றதும் வெளிச்சம் அடித்துக் கரைத்துவிடுவார்கள் என்று நினைக்கிறோம். அப்படிக் கருக்கி ஆவியாக்குகிற பச்சை லேசரும் இருக்கிறது, ஆனால் அதில் பரிசோதனைக்கு அனுப்பத் தசை மிஞ்சாது. எனக்குச் செய்தது ஹோல்மியம் லேசர், ஹோலெப் என்கிறார்கள். 1990களில் நியூசிலாந்தில் உருவான முறை. டொக்டர் மேசையில் கிடந்த துண்டுக் காகிதத்தில் ஒரு மங்குஸ்தானை வரைந்தார். தோல் அப்படியே இருக்கும், உள்ளே இருக்கிற வெள்ளைச் சுளைகளைத் தோலிலிருந்து பிரித்துச் சலப்பைக்குள் தள்ளிவிடுவோம், பிறகு அதை அரைத்து உறிஞ்சி எடுப்போம் என்றார். பழைய முறை, அதாவது டியூஆர்பி, மின்சாரக் கம்பி வளையத்தால் சுளையைச் சீவிச் சீவி எடுப்பது.

பழைய முறையைக் குறைத்துச் சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். என் பக்கத்து வீட்டு அண்ணருக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாக டியூஆர்பி செய்தார்கள், அவர் என்னைவிட நன்றாக இருக்கிறார். அவருக்கு 45 கிராம். எனக்கு 92. அதோடு 2019 இல் எனக்கு இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்ததால், இரத்தம் உறையாமல் தடுக்கிற குளோபிடோக்ரெல் எடுக்கிறேன், இரத்தப்போக்குப் பயம். ஹோல்மியம் லேசர் அரை மில்லிமீற்றருக்கும் குறைவாகத்தான் தசைக்குள் போகும், வெட்டிக்கொண்டே இரத்தக் குழாயையும் அடைத்துவிடும். இன்னொன்று, பழைய டியூஆர்பியில் உப்புத்தண்ணீர் பாவிக்க முடியாது, மின்சாரம் அதில் ஓடிவிடும். அதற்குப் பதிலாக விடுகிற கரைசல் நிறைய உடம்புக்குள் ஏறினால் இரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். அதனால் பெரிய சுரப்பியில் நேரம் எடுத்துச் செய்ய முடியாது. லேசருக்கு உப்புத்தண்ணீரே போதும். (இப்போது உப்புத்தண்ணீரில் செய்கிற டியூஆர்பியும் வந்துவிட்டது. தெரியும், தெரியும்.) உங்கள் அப்பாவின் 85 கிராமுக்கு டொக்டர் லேசர் என்று சொன்னதில் எனக்குப் பிழையாக ஒன்றும் படவில்லை. ஆனால் எந்த லேசர் என்று கேளுங்கள், அவர் இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார் என்றும் கேளுங்கள். இது கை பழக வேண்டிய வேலை. கேட்டதற்கு என் டொக்டர் கோபிக்கவில்லை.

முள்ளந்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே விறைக்க வைத்தார்கள். ஒன்றரை மணி நேரம். வாட்டுக்கு வந்தபோது ஒரு குழாய் வழியாக உப்புத்தண்ணீர் உள்ளே போய், இன்னொரு வழியாகப் பைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. முதலில் சர்பத் நிறம். இரவு றோஸ் நிறம். நேர்ஸ் பிள்ளை மணிக்கொருதரம் வந்து பையை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்துவிட்டு, "வத்துர பொன்ன, அங்கிள்" என்று சொல்லிவிட்டுப் போகும். தண்ணீர் குடி, தண்ணீர் குடி. இரண்டாம் நாள் காலை வெளிறிய பிளேன்டீ நிறத்துக்கு வந்ததும் குழாயைக் கழற்றினார்கள். ஆக, அன்றைக்கே வீடு இல்லை தம்பி, இரண்டு இரவு. எடுத்தது 71 கிராம். பத்து நாளில் ரிப்போர்ட் வந்தது, புற்றுநோய் இல்லை.

இனி எனக்கு யாரும் வடிவாகச் சொல்லாத பகுதி. குழாயைக் கழற்றிய பிறகு சலம் நன்றாகப் போனது, ஆனால் நிற்கவில்லை. கதிரையிலிருந்து எழும்பினால் கசியும், தும்மினால் கசியும். எனக்கு ஏழு கிழமை. பலருக்குக் கொஞ்ச நாளில் நின்றுவிடும், சிலருக்கு மாதங்கள் போகும், நிரந்தரமாகக் கசிந்துகொண்டே இருப்பது அபூர்வம். பாட் வைக்க வேண்டும். வீட்டில் வாழ்நாள் முழுக்கச் சாரத்தோடு திரிந்த ஆளுக்கு இது என்ன பாடு தெரியுமா? சாரத்துக்குள் பாட் நிற்காது. இறுக்கமான உள்ளாடை வாங்க வேண்டும், அதையும் வாங்கப் போனது மனிசிதான். சலத்தை அடக்க உதவுகிற அடித்தசையை இறுக்கி விடுகிற பயிற்சி ஒன்று இருக்கிறது. அப்பாவை ஒப்பரேஷனுக்கு முன்பே பழகச் சொல்லுங்கள். சுமை தூக்கக் கூடாது, மலச்சிக்கல் வரக் கூடாது, சில கிழமைக்கு மோட்டார் சைக்கிள் வேண்டாம். இடையிடையே இரத்தம் கலந்து போனால் பயப்பட வேண்டாம். கட்டி கட்டியாக வந்து அடைத்தால் மட்டும் ஓடிப்போங்கள்.

இந்த நேரத்தில்தான் எங்கள் ஃபிளாட்டில் லிஃப்ட் பழுதானது. நாலாம் மாடி. ஒப்பரேஷன் செய்து பன்னிரண்டாம் நாள். மாதாமாதம் பராமரிப்புக் காசு ஒரு சதம் பிந்தாமல் கட்டுகிறேன், 2009 இலிருந்து. கமிட்டிச் செயலாளரிடம் கேட்டால், ஜெனரேட்டருக்கு டீசல் அடித்ததில் காசு முடிந்துவிட்டதாம். கணக்கைக் காட்டு என்றேன். நாற்பது வருஷம் கணக்கு எழுதியவனுக்கு ஒரு வெள்ளைத் தாளில் பென்சிலால் எழுதித் தருகிறார். வாசலுக்கு மாபிள் பதிக்கக் காசு இருந்தது, லிஃப்ட் கயிற்றுக்கு இல்லை. மூன்று கிழமை படியேறினேன், ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று, ஒவ்வொரு மாடியிலும் கசிந்து கசிந்து. அந்த ஆள் இன்னமும் செயலாளர்தான். சரி, உங்களுக்கு எதற்கு இது.

மற்றது, மகன் அப்பாவிடம் கேட்க வெட்கப்படுகிற விஷயம். இந்த ஒப்பரேஷனுக்குப் பிறகு பெரும்பாலானோருக்கு விந்து வெளியே வராது, பின்னால் சலப்பைக்குள் போய்ச் சலத்தோடு கலந்துவிடும். ஆபத்து இல்லை. ஆண்மை போய்விடும் என்று ஊரில் சொல்வது வேறு கதை, அது பெரும்பாலும் இருந்தபடியே இருக்கும். எனக்கு இது ஒப்பரேஷனுக்குப் பிறகுதான் தெரியும். கையெழுத்து வாங்கிய தாளில் இருந்ததாம். ஆங்கிலத்தில், எறும்பு மாதிரி எழுத்தில். அப்பாவுக்கு முதலே தெரிந்திருந்தால் பயப்படமாட்டார். நீங்கள் சொல்ல வேண்டாம், டொக்டரையே சொல்லச் சொல்லுங்கள்.

நெருஞ்சிமுள் கசாயமும் பொல்பலாவும் இருக்க இதெல்லாம் எதற்கு என்று ஒருவர் கட்டாயம் வருவார். நானும் ஒரு வருஷம் குடித்தேன். சலம் அதிகமாக ஊறியது. வாசல் பூட்டிக் கிடக்க, அதனால் என்ன பிரயோசனம்? காசு எவ்வளவு என்றும் கேட்டிருக்கிறீர்கள். என் பில்லைச் சொன்னால் இன்றைக்குப் பொருந்தாது. தியேட்டர், மயக்க மருந்து டொக்டர், லேசர் நார், அறை என்று எல்லாம் சேர்த்த தொகையை எழுத்தில் வாங்குங்கள். எனக்கு லேசர் நாரைத் தனியாகப் போட்டிருந்தார்கள்.

இப்போது இரவில் ஒரு தரம் எழும்புகிறேன். ஆனால் போய் முடித்த பிறகும் ஸ்கானில் 120 மில்லிலீற்றர் உள்ளே நிற்கிறது. வருஷக்கணக்காக இழுபட்ட பை முழுதாகச் சுருங்கவில்லை, இனிச் சுருங்காது போல என்கிறார் டொக்டர். லேசர் வாசலைத் திறந்துவிட்டது, பையை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. அந்த 2021 ரிப்போர்ட்டை மின்சார பில்களுக்குள்ளிருந்து மனிசிதான் போன வருஷம் கண்டெடுத்தா. திகதியைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, ஒன்றும் சொல்லாமல் ஃபைலில் முதலாவதாக வைத்துவிட்டா.