முட்டிக்குக் கீழே இருக்கும் அந்தப் புள்ளி

கேள்வி: என் மாமியாருக்கு வயது 64, சர்க்கரை உண்டு. சாப்பிட்டதும் வயிறு உப்பிக்கொள்கிறது. காலில் 'சூ சான்லி' என்ற புள்ளியைத் தினமும் அழுத்தினால் நூறு வயது வாழலாம், பழைய சீன நூல்களிலேயே இருக்கிறது என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். அங்கே மூலிகையைக் கொளுத்திச் சூடு வைக்கச் சொல்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். செய்யலாமா? – ஒரு வாசகி, ஈரோடு

அன்புச் சகோதரிக்கு, சூடு மட்டும் வேண்டவே வேண்டாம். சர்க்கரை உள்ளவர்களுக்குக் காலில் மரத்துப்போயிருந்தால் சுடுவதே தெரியாது. புண்ணானால் சீக்கிரம் ஆறவும் ஆறாது.

சரி, பழைய நூல்கள். சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முந்தைய 'லிங் ஷூ' என்ற சீன மருத்துவ நூலில் இந்தப் புள்ளி 'சான்லி' என்ற பெயரில் வருகிறது. வயிறு புடைத்து, மேல்வயிற்றில் வலித்து, விலாவில் முட்டி, தொண்டை அடைத்து, சோறு தண்ணீர் இறங்கவில்லையா, சான்லியைப் பிடி என்கிறது அது. படித்தபோது உங்கள் மாமியார்தான் நினைவுக்கு வந்தார்! வயிற்றுக்கு ஏன் கால் என்று கேட்பீர்கள். இரைப்பைக்குரிய உயிர்ச்சக்தி முகத்திலிருந்து கால் விரல் வரை ஓடுவதாகவும், ஆறு கடலில் சேர்வதுபோல முட்டியருகே அது உள்ளே இறங்குவதாகவும் அந்தக் காலச் சீன வைத்தியர்கள் எண்ணினார்கள். உள்ளுறுப்பு நோய்க்கு அந்தச் சேருமிடத்தைத் தொடுவது அவர்கள் வழக்கம். ஆக, அது வயிற்றுக்கான புள்ளி. அந்த வரிகளில் நூறு வயதுப் பேச்சே இல்லை.

ஆயுள் பெருமை பின்னால் ஏறியது. கி.பி. 752-இல் வாங் தாவ் என்ற சீனர் தொகுத்த பெரிய மருத்துவ நூல், முப்பது வயது தாண்டியவர் சான்லியில் சூடு வைக்காவிட்டால் சக்தி மேலேறிக் கண்ணைத் தாக்கும் என்கிறது. நம் மாசிப்பத்திரி இனத்துச் செடியின் இலையைக் காயவைத்து இடித்து, பஞ்சுபோல் உருட்டி, தோலின் மேல் வைத்துக் கொளுத்துவார்கள். 'நலமாக இருக்க வேண்டுமானால் சான்லியை உலர விடாதே' என்று ஒரு சீனப் பழமொழியும் உண்டு. உலர விடாதே என்றால் எண்ணெய் தடவுவது என்று நினைத்துவிடாதீர்கள். சுட்ட இடம் கொப்பளித்துச் சீழ் வடிந்துகொண்டே இருக்க வேண்டும் என்று பொருள்! இதைச் சொல்லாமல் பழமொழியை மட்டும் பரப்புவது எனக்குப் பெரிய வருத்தம்.

விரலால் அழுத்திப் பார்ப்பதில் தவறில்லை. முட்டியை மடக்கச் சொல்லுங்கள். முட்டிச்சில்லுக்குக் கீழே வெளிப்பக்கம் ஒரு குழி தெரியும். அங்கிருந்து மாமியாரின் நான்கு விரல் அகலம் கீழே, முன்னெலும்பிலிருந்து ஒரு விரல் வெளியே. உங்கள் விரலால் அளக்காதீர்கள். அவரவர் உடம்புக்கு அவரவர் விரல்தான் அளவுகோல். காலில் புண்ணோ வீக்கமோ இருந்தால் தொட வேண்டாம்.

அப்புறம், இந்த உப்புசத்தை அவருடைய சர்க்கரை டாக்டரிடம் சொன்னீர்களா? சர்க்கரையும், அதற்குச் சாப்பிடும் சில மாத்திரைகளும்கூட இப்படிச் செய்யும். உடம்பு இளைத்தாலோ, மலம் கறுத்துப் போனாலோ, வாந்தி எடுத்தாலோ அன்றைக்கே அழைத்துப் போங்கள்.