கழிவு மேட்டுக்கு வரும் ஆய்வக வண்டி: வாசகர் கேள்விகள்

நச்சுக் கழிவைத் தோண்டும் இடத்துக்கு ஆய்வகத்தையே வண்டியில் கொண்டுவர வேண்டுமா? மாதிரியை நகரத்துக்கு அனுப்பினால் போதாதா?

அனுப்பலாம். முடிவு வர நாட்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் ஆகும். அதுவரை பொக்லைன் சும்மா நிற்கும். அல்லது குத்துமதிப்பாகத் தோண்டிக் குழியை மூடிவிடுவார்கள். இது இன்னும் மோசம். வண்டி பக்கத்தில் நின்றால், இன்னும் ஓரடி தோண்டுவதா நிறுத்துவதா என்று அன்றைக்கே சொல்லிவிடலாம்.

ராணிப்பேட்டை குரோமியக் கழிவைத் துப்பாக்கி போன்ற கருவியாலேயே சோதிக்கலாம் என்கிறார்களே?

அது எக்ஸ்.ஆர்.எஃப் கருவி. மண்ணில் எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, ஓரிரு நிமிடத்தில் ஈயம், ஆர்சனிக், குரோமியம் அளவைக் காட்டும். ஆனால் காட்டுவது மொத்தக் குரோமியத்தை. குரோமியம் இரண்டு வடிவில் இருக்கும். குரோமியம்-3 பெரும்பாலும் மண்ணோடு ஒட்டிக் கிடக்கும். குரோமியம்-6 நீரில் கரைந்து கிணற்றுக்குப் போகும், புற்றுநோயும் உண்டாக்கும். ராணிப்பேட்டையில் மூடிக் கிடக்கும் குரோமேட் ஆலையைச் சுற்றி நீர் மஞ்சளாகக் கசிவது குரோமியம்-6-ஆல்தான். இந்த இரண்டு வடிவங்களையும் அந்தக் கருவியால் பிரித்தறிய முடியாது.

ஆகவே வண்டியில் ரசாயன மேசையும் இருக்க வேண்டும். மண்ணைக் காரக் கரைசலில் 90–95 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வைத்து வடிகட்டி, டைஃபீனைல்கார்பசைடு என்ற ரசாயனத்தைச் சேர்த்தால் குரோமியம்-6 செவ்வூதாவாகும். அந்த நிறத்தின் அடர்த்தியை 540 நானோமீட்டர் அலைநீள ஒளியில் அளப்பார்கள். இன்னொன்று: ஈர மண்ணில் எக்ஸ்.ஆர்.எஃப் குறைத்துக் காட்டும். மழைக்காலத்தில் உலர்த்தாமல் எடுத்த எண்ணை நம்பாதீர்கள்.

காற்றில் பரவும் நச்சுக்கு?

அதற்கும் வண்டி உண்டு. 2023 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலம் ஈஸ்ட் பாலஸ்டைனில் வினைல் குளோரைடு ஏற்றிய ரயில் தடம்புரண்டபோது, அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமையின் டாகா ஆய்வக வண்டி அங்கே காற்றைச் சோதித்தது. ஓடிக்கொண்டே அளக்கக்கூடிய வண்டி அது.

வண்டியில் எடுத்த முடிவு வழக்குக்கு ஆகுமா?

அதை மட்டும் நம்பக் கூடாது. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986-ன்படி, முறைப்படி எடுத்த மாதிரிக்கு அரசுப் பகுப்பாய்வாளர் தரும் அறிக்கையே சான்றாகும். எக்ஸ்.ஆர்.எஃப் சோதனைக்கான அமெரிக்க வழிமுறையும், 20 மாதிரிக்கு ஒன்றையாவது நிலையான ஆய்வகத்தில் சரிபார்க்கச் சொல்கிறது.

ஊர்க்காரர்கள் எதைக் கேட்க வேண்டும்?

மாதிரி எடுத்த ஆழம் என்ன, எண் மொத்தக் குரோமியமா குரோமியம்-6-ஆ என்று கேளுங்கள். ‘கண்டறியப்படவில்லை’ என்றிருந்தால், அந்தக் கருவி எவ்வளவு குறைந்த அளவு வரை பார்க்கும் என்பதையும் எழுதி வாங்குங்கள். குடிநீரில் குரோமியத்துக்கு இந்தியத் தர வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். 0.1-க்குக் கீழே பார்க்கத் தெரியாத கருவி ‘இல்லை’ என்றால், அந்தத் தண்ணீரைக் குடிக்கலாம் என்று பொருளல்ல.