ஒரே வெயில் ஊரில் பருவகாலம் சொல்லித் தருவது

கேள்வி: "மகளுக்கு ஐந்து வயது, பாலர் வகுப்பு 1 படிக்கிறாள். பருவகாலம், செடிகள் பற்றி வீட்டிலேயே விளையாட்டாகச் சொல்லித் தர ஆசை. ஆனால் சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் ஒரே வெயில் ஆயிற்றே, எங்கிருந்து தொடங்குவது?"

"ஆண்டு முழுவதும் ஒரே வெயில்" என்ற அந்த வரி மட்டும் இல்லாவிட்டால் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போயிருப்பேன். பதினோரு ஆண்டுகளாகப் பாலர் பள்ளிகளில் தமிழ் சொல்லித் தருகிறேன். அதில் முதல் ஆறு ஆண்டுகள் நானும் இதையேதான் பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆகவே கோபம் உங்கள் மேல் இல்லை, என் மேல்தான்.

நான்கு பருவங்கள் அச்சிட்ட அட்டைகளை இந்நேரம் வாங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஒரே மரம் நான்கு கட்டங்களில் நிற்கும்: ஒன்றில் இளஞ்சிவப்புப் பூ, ஒன்றில் பச்சை, ஒன்றில் ஆரஞ்சு, கடைசியில் மொட்டைக் கிளைமேல் வெள்ளை. என்னிடமும் இருந்தது. கூடவே துணியில் வெட்டிய இலைகள், பனிமனிதன் செய்ய ஒரு கூடைப் பஞ்சு உருண்டைகள். பிள்ளைகள் பஞ்சை அள்ளி வீசி நன்றாகத்தான் விளையாடினார்கள். எல்லாம் முடிந்து, "சரி, இப்போது நம் ஊரில் என்ன காலம்?" என்று கேட்டேன். ஒரு பையன் சட்டென்று "குளிர்காலம்" என்றான். எப்படி என்றேன். சுவரில் இருந்த ஏர்கான் ரிமோட்டை எடுத்து வந்து காட்டினான். திரையில் பனிப்பூ. ஒரு பொத்தானை அழுத்தினான், நீர்த்துளி வந்தது. "இது மழைக்காலம்." இன்னொரு முறை அழுத்தினான், விசிறி வந்தது. "இது காற்றுக்காலம், டீச்சர்."

வகுப்பில் சிரித்துவிட்டேன். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் சிரிப்பு வரவில்லை. அந்த அறையில் அவன் கையால் தொட்டு அறிந்த பருவங்கள் அவ்வளவுதான். பஞ்சு உருண்டையில் இல்லாத குளிர் ரிமோட்டில் இருந்ததே.

இங்கே யாராவது வருவீர்கள்: "அப்படியானால் பிள்ளைக்குப் பனி என்றாலே என்னவென்று தெரிய வேண்டாமா?" தெரியட்டும். பூமி சாய்ந்தபடி சூரியனைச் சுற்றுவதால்தான் பனி பெய்யும் நாடுகளில் நான்கு பருவம் என்பதையும் தொடக்கப்பள்ளிக்குப் போய்ப் படிக்கட்டும். பாடத்திட்டத்தைக் குறை சொல்வதாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அட்டை வாங்கியது என் சொந்தக் காசில். நான் சொல்வது வரிசையைப் பற்றி மட்டும். ஐந்து வயதுக்காரிக்கு முதலில் வாசலில் இருப்பது, பிறகு வானூர்தி ஏறிப் பார்ப்பது.

வாசலில் என்ன இருக்கிறது? நாம் நிலநடுக்கோட்டுக்கு ஒரு பாகைக்குச் சற்று மேலே இருக்கிறோம். பகலின் நீளம் ஆண்டு முழுவதும் பத்து நிமிடம்கூட மாறுவதில்லை. வெயிலில் பருவத்தைத் தேடினால் கிடைக்காது. காற்றிலும் மழையிலும் தேட வேண்டும். டிசம்பர் முதல் மார்ச் தொடக்கம் வரை வடகிழக்குப் பருவக்காற்று. அதன் முன்பாதி விடாத மழை, பின்பாதி புல் காயும் வறண்ட காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. விடியும் முன் ஜன்னலை அறைந்து சாத்தும் சுமத்ரா புயல்காற்றும் அந்த மாதங்களில் வரும். இரண்டுக்கும் இடைப்பட்ட ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை. பள்ளி வாசலில் குடையுடன் காத்திருக்கும் பாட்டிமார்களுக்கு இதெல்லாம் மனப்பாடம், பெயர்தான் தெரியாது.

தமிழில் ஆறு பருவம் இருக்கிறதே, அதைச் சொல்லித் தரலாமே என்று இன்னொருவர் கேட்பார். செய்து பார்த்தேன் ஐயா. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று பாட்டாகவே பாடினார்கள். முன்பனிக்குப் படம் வரையச் சொன்னேன், வகுப்பில் இருந்த ஆறு பிள்ளைகளும் பனிமனிதன் வரைந்தார்கள். புல்மேல் நிற்கும் பனித்துளிக்கும் வானிலிருந்து கொட்டும் பனிக்கும் நம் மொழியில் ஒரே சொல். பிள்ளைகள் என்ன செய்வார்கள்? பாட்டாகப் பாடட்டும், தவறில்லை. விளையாட்டுக்கு அது உதவவில்லை.

எனக்கு உதவியது ஒரு வாதாங்கொட்டை மரம். மலாயில் கெத்தாப்பாங். எங்கள் பள்ளி வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கின் வெற்றுத்தளத்தில், அதாவது வீடுகள் இல்லாத தரைத்தளத்தில், இருக்கிறது. மரம் கார் நிறுத்துமிடத்தின் ஓரம். இந்த மரம் ஆண்டுக்கு இரண்டு முறைகூட இலை சிவந்து கொட்டும், பெரும்பாலும் வறண்ட நாட்களில். ஒரு பிப்ரவரியில் பிள்ளைகளை வரிசையாக அழைத்துப் போய் ஆளுக்கு ஐந்து இலை பொறுக்கச் சொன்னேன். பச்சையில் தொடங்கி மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, காய்ந்த பழுப்பு என்று நடைபாதையில் அடுக்க வேண்டும். முக்கால் மணி நேரம் அடுக்கினார்கள். பாதி பச்சையும் பாதி சிவப்புமாக இருந்த ஓர் இலைக்கு எங்கே இடம் என்று இரண்டு பேருக்கு நடந்த சண்டையில், நான் ஒரு வாரம் உட்கார்ந்து கற்றுக்கொடுத்தாலும் வராத நிறப்பெயர்கள் எல்லாம் தமிழிலேயே வந்தன. "இலை பழுத்துவிட்டது" என்று நான் சொன்னதும் ஒருத்தி எடுத்து முகர்ந்துவிட்டு, "பழ வாசனை வரவில்லையே" என்றாள். அச்சிட்ட அட்டையில் இந்தக் கேள்வி எழாது.

இப்போது உண்மையில் சொல்ல வந்த கதை.

அதே கார் நிறுத்துமிடத்தில் ஒரு தூங்குமூஞ்சி மரம் உண்டு. அதன் கவட்டையில், என் தலைக்குச் சற்று மேலே, புறா ஆர்க்கிட் ஒன்றைக் கயிற்றால் கட்டி வளர்த்தவர் கீழ்வீட்டு மலாய்ப் பெரியவர். எப்போது பார்த்தாலும் சும்மா தண்டும் இலையுமாக நிற்கும். பூக்கவே பூக்காதா அங்கிள் என்று ஒருநாள் கேட்டேன். "மழையைக் கேளுங்கள். பெருமழை பெய்து நன்றாகக் குளிர்ந்தால் ஒன்பதாம் நாள் பூக்கும்" என்றார். நம்பவில்லை. தேடிப் படித்தபோது அவர் சொன்னது சரிதான். திடீரென்று வெப்பம் இறங்குவதுதான் செடிக்கு அடையாளம். ஏறக்குறைய ஒன்பது நாளில் அந்த வட்டாரத்தில் உள்ள செடிகள் எல்லாம் ஒரே நாளில் பூக்கும், ஒரே நாளில் வாடும். எல்லாம் ஒன்றாகப் பூத்தால்தான் மகரந்தம் ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குப் போய்ச் சேரும்.

ஏப்ரலில் ஒரு வியாழக்கிழமை பிற்பகல் கொட்டித் தீர்த்தது. ஒரு கண்ணாடி பாட்டிலும், பிள்ளைகள் பொறுக்கி வைத்திருந்த மஞ்சாடி விதைகளும் எடுத்துக்கொண்டேன். (மஞ்சாடி முழுச் சிவப்பாக இருக்கும். கறுப்புப் பொட்டு வைத்த குன்றிமணியை அதனுடன் குழப்பிக்கொள்ளாதீர்கள், அது கொடிய நஞ்சு. மஞ்சாடியானாலும் பிள்ளை அதை வாயிலோ மூக்கிலோ போட்டுக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே இருங்கள்.) நாளுக்கு ஒரு விதை; ஒன்பதாவது விதை விழும் நாளில் பூ. வெள்ளிக்கிழமை முதல் விதை 'டிங்' என்று விழுந்தது. திங்கள்கிழமை மூன்று விதை போட வேண்டும் என்றேன். ஒருவன் ஒத்துக்கொள்ளவில்லை. "சனியும் ஞாயிறும் நாம் வரவே இல்லை. அதை எப்படி எண்ணுவது?" நாம் வராவிட்டாலும் செடி எண்ணிக்கொண்டிருக்கும் என்றேன். பெரிய மேதையைப்போல் சொன்னேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை எட்டாவது விதை விழுந்தது. போட்ட பெண் பாட்டிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நாளைக்குப் பள்ளி இல்லையே, டீச்சர்."

பதினோரு ஆண்டு அனுபவத்தில் விரல்விட்டு எண்ணிப் பார்க்கத் தோன்றவில்லை பாருங்கள். வியாழனோடு ஒன்பதைக் கூட்டினால் சனி. ஆறு பிள்ளைகளின் முகமும் விழுந்துவிட்டது. நானோ தீவின் மறுகோடியில் இருக்கிறேன். சனிக்கிழமை காலை அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டிய நாள். போக முடியவில்லை.

திங்கட்கிழமை அந்தப் பெண் தன் உணவு டப்பாவைத் திறந்து, டிஷ்யூ தாளில் சுற்றிய ஒன்றை மேசையில் வைத்தாள். நனைந்த காகிதம் போல ஒட்டிக்கொண்ட ஒரு வெள்ளைப் பூ, ஓரமெல்லாம் பழுத்து, நடுவில் மட்டும் இன்னும் கொஞ்சம் மஞ்சள். சனிக்கிழமை காலை பாட்டியை இழுத்துக்கொண்டு போயிருக்கிறாள். மரம் முழுக்க வெள்ளையாம், பாட்டி தூக்கிப் பிடித்து முகர வைத்தாராம். உதிர்ந்ததை மறுநாள் போய்ப் பொறுக்கி வந்தார்களாம். "பறிக்கவில்லை, கீழே கிடந்ததுதான்" என்று பாட்டி வாசலில் என்னிடம் மூன்று முறை சொன்னார். மற்ற ஐந்து பேரும் வரிசையில் நின்று முகர்ந்தார்கள். பூவைவிட டப்பாவில் முந்தைய நாள் இருந்த தோசையின் வாசம்தான் அதிகம். "பூ தோசை வாசனை அடிக்கிறது" என்று ஒருவன் முடிவாகச் சொன்னான். ஒன்பதாவது விதையை அவள்தான் போட வேண்டும் என்று அவர்களே தீர்மானித்தார்கள்.

அன்று மாலை மேலாளர் என்னிடம் கேட்டது: "நிறைவுப் படம் எங்கே?" பெற்றோர் செயலியில் ஏற்ற வேண்டுமாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் சிரித்த முகத்துடன் ஒரு படமாவது வேண்டும். வாடிய பூவின் படம் அழகாக இல்லை என்று நிராகரிக்கப்பட்டது. இலை அடுக்கிய அன்றும் பாதி நேரம் கைபேசியைப் பிடித்தபடிதான் நின்றேன். உங்கள் கேள்விக்கும் இதற்கும் தொடர்பில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: தமிழ் ஆசிரியருக்குப் பல இடங்களில் ஓர் அலமாரிகூடக் கிடையாது. சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு இரண்டு மூன்று பள்ளிகளுக்கு ஓடுகிறோம். ஆறு பிள்ளைகள்தானே என்று மூலையில் ஒரு பாய். அந்தப் பாட்டிலை வைக்க இடம் கேட்டு நான் அலைந்த கதையே தனிப் பதிலாகும். பெற்றோரே, படம் வரவில்லையென்றால் அன்று பாடம் நடக்கவில்லை என்று எண்ணாதீர்கள்.

விதை முளைக்கவைப்பது எல்லாருக்கும் தெரியும், சுருக்கமாகச் சொல்கிறேன். பச்சைப் பயறு போதும். ஊறவைத்தால் இரண்டு மூன்று நாளில் வேர் எட்டிப்பார்க்கும். பஞ்சைவிட மண் நல்லது, ஏர்கான் அறையில் பஞ்சு வாரக்கடைசிக்குள் காய்ந்துபோகும். ஒரு குவளையை அலமாரிக்குள் மூடி வையுங்கள், ஒன்றை ஜன்னலில். இருட்டில் வளர்ந்தது மஞ்சளாக நெடுநெடுவென்று நிற்கும், ஊரில் முளைப்பாரி பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. அடித்தட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள், ஏடிஸ் கொசுவுக்கு அது போதும்.

வீட்டில் நீங்கள் தொடங்க வேண்டியது அட்டையிலிருந்து அல்ல, புளோக்கின் கீழே உள்ள ஒரே ஒரு மரத்திலிருந்து. வாரம் ஒரு முறை அதே மரத்தைத் தொட்டுவிட்டு வாருங்கள். தெருவோர மரங்களில் புறா ஆர்க்கிட் பல இடங்களில் உண்டு, மேலே பார்த்து நடந்தால் தென்படும். சிறு தூறலுக்கு அது அசையாது. போர்வை தேடும் அளவுக்குக் குளிர்ந்த மழையாக இருக்க வேண்டும். ஒரு நாள் முன்னே பின்னே போனால் என்னைத் திட்டாதீர்கள். மழை வியாழக்கிழமை பெய்தாலும் உங்களுக்குக் கவலையில்லை, சனிக்கிழமை மகள் வீட்டில்தான் இருப்பாள். காலையிலேயே இறங்கிப் போங்கள். பொழுது சாய்வதற்குள் வாடத் தொடங்கிவிடும்.